நோயாளியின் குரல்: அதிகைப் பதிகம் பற்றிச் சில எண்ணங்கள்

நோயைப் பற்றிப் பேச நம் சமூகம் இரண்டு சொற்களைக் கைவசம் வைத்திருக்கிறது. ஒன்று 'வினை', மற்றது 'சோதனை'. முதலாவது நோயாளியைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது அவனைப் பேறு பெற்றவனாக்குகிறது. வெறும் நோயாளியாக இருக்க அவனை எவரும் விடுவதில்லை. இரண்டுக்கும் சான்றாகத் திருநாவுக்கரசர் வரலாறே காட்டப்படுகிறது. சமணம் புகுந்தவரைச் சிவன் சூலைநோய் தந்து ஆட்கொண்டான், அவர் பாடினார், நோய் தீர்ந்தது. நாம் படித்ததும் இதுதான், படிப்பிப்பதும் இதுதான்.

சென்ற தவணையில் இதை நான் படிப்பித்தபோது ஒரு மாணவி எழுந்தாள். அவள் தந்தை கமக்காரர். வவுனியா மாவட்டக் கமக்காரக் குடும்பங்கள் பலவற்றை வாட்டும் சிறுநீரக நோய் அவரையும் பற்றியிருக்கிறது. நீரா, வெயிலா, கிருமிநாசினியா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கும் நோய் அது. "அப்பாவும் ஒவ்வொரு நாளும் தேவாரம் படிக்கிறார், சேர். அவருக்கு ஏன் மாறவில்லை?" என்று கேட்டாள். என்னிடம் விடை இருக்கவில்லை. அன்றிரவு நான்காம் திருமுறையைத் திறந்து அதன் முதற் பதிகத்தை மீண்டும் படித்தேன்.

படித்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. அப்பதிகத்தில் நோய் தீரவேயில்லை! குடலை முறுக்கும் வலியோடு அது தொடங்குகிறது. வேர்த்து, புரண்டு, விழுந்து எழும் ஒருவர் வேதனையை விலக்குமாறு கேட்பதோடு முடிகிறது. நோய் தீர்ந்த செய்தியைச் சொல்பவர் சேக்கிழார். அப்பர் ஏழாம் நூற்றாண்டினர். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சோழ அரசவையைச் சார்ந்தவர். இடைப்பட்ட ஐந்நூறு ஆண்டுகளில் சைவம் வென்ற சமயமாகிவிட்டது. வென்றவர்கள் எழுதும் வரலாற்றில் வலிக்கும் ஒரு காரணம் வேண்டும். முடிவும் மங்கலமாக இருக்க வேண்டும். பாடியவருக்கோ அந்த வசதி இல்லை.

பதிகத்தில் அவர் என்ன சொல்கிறார்? தம் பிழையை ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறார். ஆனால் பூசையையும் பாட்டையும் தாம் மறந்ததேயில்லை என்று வழக்குரைக்கிறார். பயப்படாதே என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்று இறைவனையே குறை கூறுகிறார். கரையில் நிற்பவர்கள் ஆழமான குளத்தில் தள்ளிவிட, காலூன்ற ஒரு துறை காணாமல் தவிப்பவனாகத் தம்மைக் காட்டுகிறார். குளங்களை நம்பி வாழும் வன்னி மக்களுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. ஒன்பதாம் பாட்டில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். அடியவர் படும்பாடு இதுதான் என்றால், தம்மைப் போன்றவர்கள் இனி இறைவனை நம்பமாட்டார்கள் என்கிறார். தம் ஒருவர் வயிற்றுவலியிலிருந்து துன்புறும் பலரை நோக்கி அக்குரல் நகரும் இடம் இது. நம்பிக்கை என்பது வாய்மூடிப் பொறுத்திருத்தல் அன்று. கேள்வி கேட்கும் உரிமையும் அதற்குள் அடங்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எது?

பேராசிரியர் கைலாசபதி பக்தி இயக்கத்தை வணிக வர்க்கத்துக்கும் நிலவுடைமை வர்க்கத்துக்கும் இடையிலான முரண்பாட்டின் பின்னணியில் வைத்து விளக்கினார். அவ்வியக்கம் ஏன் எழுந்தது என்பதற்கு அது தகுந்த விளக்கமே. ஆனால் அந்த நிலவுடைமை அமைப்பு மாறிய பின்னரும், நோய்ப்படுக்கையில் கிடக்கும் ஒரு கமக்காரர் இப்பதிகத்தை ஏன் நாடுகிறார் என்பதை அது விளக்கவில்லை. அவர் நாடுவது தம் வலிக்கு ஒரு மொழியை என்பது எமது துணிபு.

இவ்வாறு கூறுவதால் நோயே கலைஞனை ஆக்குகிறது என்று எவரும் கொள்ளலாகாது. கு. ப. ராஜகோபாலன் 1944இலும், காசநோயுற்ற புதுமைப்பித்தன் 1948இலும் 42 வயதளவில் மறைந்தனர். நோய் அவர்களுக்கு எதையும் கொடுக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்க வேண்டிய நூல்களைப் பறித்தது. அப்பர் பாடியதும் நோயின் கொடையன்று. நோய்க்கு அடங்க மறுத்த மனிதனின் உழைப்பு. அதிகையில் 'நான்' என்று அரற்றியவர், பின்னர் பல்லவ மன்னனின் அழைப்பை மறுத்துப் பாடிய மறுமாற்றத் திருத்தாண்டகத்தில் 'நாம்' என்று நிமிர்கிறார். அவர் கையில் உழவாரப்படை இருப்பதும் கருதத் தக்கது.

இன்னொருவரையும் நாம் மறந்துவிடுகிறோம். பெரியபுராணத்தின்படி, திலகவதியார் தமக்கு நிச்சயிக்கப்பட்டவரைப் போரிற் பறிகொடுத்தவர். தம்பிக்காகவே உயிர் தரித்தவர். நோயோடு வந்த தம்பியை ஏற்றுக்கொண்டவரும் அவரே. 2009ஆம் ஆண்டுப் போரின் பின் உடலில் குண்டுச் சிதறல்களோடு வாழ்பவர்களை வன்னியில் பராமரித்து வரும் பெண்களை அறிந்தவர்களுக்கு இவர் புராண மாந்தர் அல்லர்.

மறுநாள் அந்த மாணவியிடம் சொன்னேன்: "பாட்டிலும் நோய் மாறவில்லை, பிள்ளை. அப்பா பிழை செய்தவரும் அல்லர். அவரது பாட்டு வீண் போனதும் இல்லை." அவள் தலையசைத்தாள். பிறகு, தங்கள் ஊருக்குச் சுத்தமான குடிநீர் எப்போது வரும் என்று கேட்டாள். அதுவும் அப்பதிகத்தைச் சேர்ந்த கேள்வியே. ஆசிரிய நண்பர்களே, புராணத்தைப் படிப்பிக்குமுன் பதிகத்தைப் படிப்பியுங்கள்.