எண்ணப்படாத நாலாவது ஆள்

கொரெல்லியின் முதல் பன்னிரண்டு ட்ரையோ சொனாட்டாக்கள் 1681இல் ரோமில் அச்சாயின. 'ட்ரையோ' என்றால் மூன்று: இரண்டு வயலின், ஒரு கீழ்க்குரல். ஆனால் வாசிப்பது பெரும்பாலும் நாலு பேர். கீழ்க்குரலைச் செல்லோ இழுக்க, ஆர்கனோ ஹார்ப்சிகார்டோ கூடவே வாசிக்கும். அந்த நாலாவது ஆளுக்கு முன்னால் இருப்பது ஒற்றை வரி, கூடச் சில இலக்கங்கள். 6 என்றிருந்தால் அடிச்சுரத்திலிருந்து ஆறாவது சுரம். மிச்சத்தை அவரே நிரப்பணும். எழுதாமல் விட்ட பிரதியை எழுதுகிறவர் அவர், எண்ணிக்கையில்தான் இல்லை.

பாப்பிரெட்டிப்பட்டியில் கல்யாண மேளம் கேட்டு வளர்ந்தவனுக்கு இது புதுசில்லை. ரெண்டு நாயனம், தவில், ஓரமாய் ஒத்து ஊதுகிறவர். அவர் பேரை யார் கேட்டா? அப்புறம் சுருதிப்பெட்டி வந்து ஆளையே இல்லாமலாக்கிவிட்டது. என்றாலும் ரெண்டும் ஒன்றல்ல. ஒத்து ஒரே சுரத்தில் நிற்கும். கொரெல்லியின் கீழ்க்குரல் நடக்கும். மேலே வயலின்கள் ஒன்றோடொன்று உரசும்போது அந்த உரசலுக்கு அர்த்தம் தருவது அந்த நடைதான்.

1986இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பணம். கிழக்கும் மேற்கும் கலந்ததா என்றே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். கொஞ்சம் கீழேயும் கேட்போமே. டீக்கடையில் ஒலிக்கும் அவருடைய சினிமாப் பாட்டுகளில்கூட பேஸ் கிதார் வெறும் ஒத்தாக நிற்பதில்லை, தனியொரு மெட்டாக நடக்கிறது. நாம் முணுமுணுப்பது மேல்மெட்டை. காலைத் தட்டுவது கீழ்மெட்டுக்கு. காலுக்குத் தெரிந்தது விமர்சனத்துக்குத் தெரியாமல் போனது ஏன்?