தனி அறையும் ஆலங்காடும்

எழுதுவதற்கென்று ஒரு தனி அறை வேண்டும் என்று பல வருஷங்கள் ஆசைப்பட்டேன். கடைசியில் வீட்டுக் கொல்லையில், கிணற்றடிக்கு அப்பால், பத்தடிக்கு எட்டடியில் ஒன்று கட்டிக்கொண்டேன். செங்கல் சுவர், மேலே நாட்டு ஓடு, தோப்பைப் பார்த்து ஒரு ஜன்னல். வீட்டைப் பார்த்த பக்கம் வெறும் சுவர்தான். நான் கதவைச் சாத்திக்கொண்டதும் பேரன் வந்து படியில் உட்கார்ந்து அழுவானாம். அழுதபடியே தூங்கியும் போவானாம். வீட்டில் சொன்னார்கள். எனக்குக் காதில் விழவில்லை. சௌகரியம் பூரணமாக இருந்தது, எழுத்துத்தான் வரவில்லை. ஆறு மாதத்தில் எழுதியதெல்லாம் அந்தச் சுவரைப் போலவே வெறுமையாக இருந்தது.

அந்தச் சலிப்பில்தான் ஒரு நாள் ரயிலேறித் திருவாலங்காட்டுக்குப் போனேன். நடராஜரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை அது. நான் போனது காரைக்கால் அம்மையாருக்காக. வீட்டை விட்டு ஒதுங்கி, ஓரிடத்தைப் பற்றிக்கொண்டு பாடியவர் அவர். அவருக்குக் கிடைத்த தனியிடம் சுடுகாடு.

மாம்பழக் கதையை வாசகர்கள் அறிவார்கள். பயந்து பிரிந்துபோன கணவன், வேண்டிப் பெற்ற பேயுருவம், கயிலைக்குத் தலையால் நடந்த நடை எல்லாவற்றையும் 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துச் சொல்கிறார். அம்மையார் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர். அம்மையாரின் சொந்தப் பாட்டுக்களில் மாம்பழமும் இல்லை, கணவனும் இல்லை. தம்மைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொள்வதோடு சரி. ஆகவே, வீட்டை அறவே மறந்தவர் என்றுதான் நான் அதுவரை எண்ணியிருந்தேன்.

கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்து மூத்த திருப்பதிகத்தை மறுபடி படித்தேன். 11 பாட்டுக்கள் வீதம் 2 பதிகங்கள். மரங்களையும் வாத்தியங்களையும் அடுக்கிக்கொண்டு போகும் இடங்கள் இப்போதும் என்னை அவ்வளவாகத் தொடவில்லை. ஆனால் ஒரு பேய், எரிந்த கொள்ளியை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறது. இன்னொரு பேய் தன் பிள்ளைக்குக் காளி என்று பெயர் வைத்து, உடம்புப் புழுதியைத் துடைத்து, பால் கொடுத்துவிட்டு எங்கோ போகிறது. போன தாய் திரும்பக் காணாமல் பிள்ளை அழுது அழுது தூங்கிவிடுகிறது.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன்.

மை தீட்டுவதும் புழுதி துடைப்பதும் பெயர் வைப்பதும் வீட்டுக் காரியங்கள். சுடுகாட்டை மட்டும் பார்த்தவருக்கு இந்தப் பாட்டு வந்திருக்காது. கணவனின் இரண்டாம் மனைவி பெற்ற பெண்ணுக்கு அம்மையாரின் பெயரையே வைத்ததாகச் சேக்கிழார் சொல்கிறார். அந்தக் கதைக்கும் இந்தப் பாட்டுக்கும் முடிச்சுப் போட நான் துணியவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம்: விட்டுவந்த வீடு அவரோடு ஆலங்காடு வரை வந்திருக்கிறது. பேய்க் கூட்டத்தின் நடுவில்தான் அவருக்கு அது தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

ஒரு பெண் எழுதவேண்டுமானால் வருஷத்துக்கு 500 பவுன் வருமானமும் பூட்டுப் போட்ட ஓர் அறையும் வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல் எழுதினார். நியாயமான பேச்சு. ஓயாத வீட்டு வேலையில் எத்தனை பெண்களின் எழுத்து கரைந்து போயிருக்கிறது! அம்மையாருக்குப் பவுனும் இல்லை, பூட்டும் இல்லை. அதற்காக, வறுமையும் சுடுகாடும் கவிதைக்கு நல்லவை என்று நான் சொல்லமாட்டேன். அறை அமைதியைத் தரும். அந்த அமைதியில் எதைப் பார்ப்பது என்பதை அது சொல்லித்தராது. நான் எதையும் பார்க்காமலிருக்கவே அறை கட்டினேன், பிழை அங்கேதான்.

ஊர் திரும்பியதும் வீட்டுப் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் வைக்கச் சொன்னேன்.

"அடுப்படிப் புகை உள்ளே வருமே, ஐயா?" என்றார் கொத்தனார்.

"வரட்டும்" என்றேன்.