தலைச்சுமையில் எழுந்த தலைநகரம்

சண்டிகர் பற்றிய கட்டிடக்கலைப் புத்தகங்களைப் புரட்டும்போதெல்லாம் ஒருவகைப் படத்தில் என் கண் நின்றுவிடுகிறது. சாய்தளத்தில் வரிசையாகக் கூலிகள், பெண்களும் சேர்த்துத்தான். தலையில் கான்கிரீட் கலவை. பின்னால் பாதி எழுந்த கட்டிடம். எங்கம்மா சித்தாள். சும்மாடு கூட்டி, கலவைச் சட்டியோட சாரத்துல ஏறினவ. அதனால அந்தப் படத்தை வெறும் அழகா என்னால பார்க்க முடியல. வரைந்தவர்கள் பேரெல்லாம் புத்தகத்தில் இருக்கு: லே கார்பூசியே, பியர் ழான்னரே, மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ. சுமந்தவளுக்குப் பேர் இல்லை. எந்த ஊர், என்ன சாதி, ராத்திரி எங்கே படுத்தாள் - ஒன்றும் இல்லை.

1947இல் நாடு பிளந்தது. லாகூர் பாகிஸ்தானுக்குப் போக, இந்தியப் பஞ்சாப் தலைநகர் இல்லாமல் சிம்லாவில் ஒண்டியது. லட்சக்கணக்கில் அகதிகள். நிலத்தை விட்டு வந்தவனுக்கு ஈடாக நிலம் கொடுத்தார்கள். நிலமே இல்லாதவனுக்கு எதை ஈடாகக் கொடுப்பது? விவசாயச் சாதிகளின் நிலத்தை மற்றவர்கள் வாங்கக் கூடாது என்று 1900இலேயே சட்டம் போட்ட மாகாணம் அது. தலித்துகள் அந்த ‘மற்றவர்கள்’ பட்டியலில். பாகிஸ்தானிலோ, துப்புரவு வேலைக்காக அவர்களை வெளியேற விடாமல் நிறுத்தி வைத்தார்கள். 1947 டிசம்பரில் அம்பேத்கர் இதை நேருவுக்கு எழுத வேண்டியிருந்தது.

இந்தக் கொந்தளிப்பில்தான், பழைய மரபின் தளை இல்லாத நகரம் வேண்டும் என்றார் நேரு. 1951இல் வந்த கார்பூசியே நகரத்தை ஒரு மனித உடம்பாகக் கற்பனை செய்தார். தலை: சட்டமன்றம், உயர்நீதிமன்றம், தலைமைச் செயலகம். இதயம்: 17ஆம் செக்டார் கடைவீதி. நுரையீரல்: பூங்காக்கள். ரத்த ஓட்டம்: சாலைகள். குடல்: தொழிற்பேட்டை.

உடம்பைக் காட்டிச் சமூகத்தைப் பிரிக்கிற வித்தை நமக்குப் புதுசா என்ன? புருஷ சூக்தத்தில் வாயிலிருந்து பார்ப்பான், காலிலிருந்து சூத்திரன். பஞ்சமனுக்கு அந்த உடம்பிலேயே இடமில்லை. கார்பூசியே வேதம் படித்தாரா என்பதல்ல என் கேள்வி. மரபை உதறிய நகரம் எதை வைத்து வீடு பிரித்தது? உத்தியோகத்தை வைத்து. அரசு வீடுகள் 13 வகை. முதல் வகை முதலமைச்சருக்கு, கடைசி வகை பியூனுக்கு. வடக்கே மலையைப் பார்த்த பெரிய மனைகள். தெற்கே போகப் போக நெருக்கம். படிநிலை செங்கல்லாக எழுந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தக் கடைசி வகை வீட்டிலும் இரண்டு அறை, சமையலறை, குளியலறை, தண்ணீர் விட்டுக் கழுவும் கக்கூஸ் வைத்தார்கள். எடுப்புக் கக்கூஸ் பரவிக் கிடந்த நாட்டில் அது சின்ன விஷயமில்லை. மலம் அள்ளிய கைகளுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அதுவும் அரசு சம்பளப் பட்டியலில் இருந்தவனுக்கு மட்டும். சாரத்தில் ஏறியவள் எந்த வகையிலும் சேரவில்லை. தலையைக் கட்டினவளுக்கு அந்த உடம்பில் ஒரு உறுப்பும் ஒதுக்கவில்லை.

பின்னாலும் கூலிக்கு வந்த சனங்கள் குடிசை போட்டுக்கொண்டே இருந்தார்கள். நாலாம் எண் காலனி, அஞ்சாம் எண் காலனி என்று பேர். ‘காலனி’ என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா? 2013இல் அஞ்சாம் எண் காலனியை இடித்தார்கள். 2016இல் நகரத்தின் தலைப்பகுதி உலகப் பாரம்பரியச் சின்னமானது. 2022இல் நாலாம் எண் காலனிக்குள் புல்டோசர் நுழைந்தது. தேதியைக் கவனியுங்கள்: மே 1.

அந்தத் தலைப்பகுதியில் 1985இல் நிறுவிய திறந்த கைச் சின்னம் 26 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கொடுக்கவும் பெறவும் திறந்த கையாம். யாரிடமிருந்து பெற்றது?

கட்டிடக்கலை படிக்கிற நம்ம பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். தூணைப் பற்றி எழுதுங்க, ஒளியையும் நிழலையும் பற்றி எழுதுங்க. கூடவே, சுமந்தவங்க ராத்திரி எங்கே படுத்தாங்கன்னும் கேட்டு எழுதுங்க. அதை எழுதாத விமர்சனம் பாதிக் கட்டிடத்தைத்தான் பார்த்திருக்கிறது.