வினைத்திரிபும் மொழியுறவும்

‘இரு’ என்னும் பொருள் தரும் லத்தீன் வினை நிகழ்காலத்தில் ஸும், எஸ், எஸ்ட் என ஒருமையிலும், ஸுமுஸ், எஸ்டிஸ், ஸுன்ட் எனப் பன்மையிலும் திரியும். தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற அதே வரிசையில் சமஸ்கிருதம் அஸ்மி, அஸி, அஸ்தி, ஸ்மஹ, ஸ்த, ஸந்தி என்கிறது. புதுச்சேரியில் வாழ்ந்த சேசு சபைப் பாதிரியார் கேர்தூ 1767இல் பாரிசுக்கு அனுப்பிய குறிப்பில் இந்த ஒப்புமையைக் காட்டினார். ஆனால் 1808 வரை அது அச்சேறவில்லை. அதனால் பெயர் கல்கத்தாவுக்குப் போயிற்று. அங்கு உச்சநீதிமன்ற நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ், தாம் நிறுவிய ஆசியக் கழகத்தில் 1786 பிப்ரவரி 2 அன்று பேசுகையில், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் வினையடிகளிலும் இலக்கண வடிவங்களிலும் ஒத்திருப்பது தற்செயலாகாது என்றார். ஒருவேளை மறைந்துபோயிருக்கக்கூடிய ஒரு பொது மூலத்திலிருந்து அவை பிறந்தவை என்றும் கருதினார். அட்டவணை எதையும் அவர் தரவில்லை. வினைத்திரிபை ஒப்பிடும் முறையான நூலை 1816இல் ஜெர்மனியின் பிரான்ஸ் போப் வெளியிட்டார்.

இம்முறையின் வலிமை வெறும் ஒலி ஒற்றுமையில் இல்லை. எஸ்ட், அஸ்தி ஆகிய ஒருமை வடிவங்களில் அடியின் முதலில் நிற்கும் உயிர், ஸுன்ட், ஸந்தி ஆகிய பன்மை வடிவங்களில் காணாமற்போகிறது. ஜெர்மனிலும் இஸ்ட், ஸின்ட் என்றே வருகிறது. பொருட்பெயர்களை ஒரு மொழி இன்னொன்றிடம் கடன் வாங்கும். இப்படியொரு விதிவிலக்கை, அதுவும் அன்றாடம் புழங்கும் வினையில், கடன் வாங்குவது மிக அரிது. உறவுக்கு இதைவிட உறுதியான சான்று கிடைப்பது கடினம்.

விதிவிலக்கை விட்டுவிட்டு ஒலியை மட்டும் பார்த்தால் இம்முறை வழுக்கும். லத்தீனில் ‘நேசிப்பேன்’ என்பது அமாபோ. வங்காளத்தில் ‘செய்வேன்’ என்பது கொர்போ. இரண்டும் எதிர்காலம், இரண்டும் தன்மை, ஈறும் ஒன்றே போல ஒலிக்கிறது. ஆனால் வங்காள விகுதி சமஸ்கிருதத்தின் ‘தவ்ய’ ஈற்றிலிருந்து தேய்ந்து வந்தது. லத்தீன் விகுதியோ ‘ஆகு’ என்னும் பொருளுள்ள பழைய வினையடியிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. வங்காள விகுதியின் வழியைக் கல்கத்தாப் பேராசிரியர் சுனிதி குமார் சட்டர்ஜி 1926இல் வெளிவந்த தம் பெருநூலில், இடைக்கால வடிவங்களைக் கொண்டு விளக்கினார்.

இதைவிடப் பெரிய குறை, தேய்ந்த மொழிகளிடம் இம்முறை தடுமாறுவது. வங்காளத்தில் ‘நான் செய்கிறேன்’ ஆமி கொரி. ‘நாங்கள் செய்கிறோம்’ ஆம்ரா கொரி. எண் வேறுபாடு வினையிலிருந்து போய்விட்டது. நிகழ்கால அட்டவணையை மட்டும் வைத்து இதைச் சமஸ்கிருதத்தின் வழிவந்த மொழி என்று நிறுவுவது எளிதன்று. ஜோன்ஸே இங்கு இடறினார். அதே 1786 உரையில், இந்துஸ்தானியின் சொற்களில் பெரும்பகுதி சமஸ்கிருத வழியின என ஒப்புக்கொண்டு, வினைத்திரிபு வேறுபடுவதால் அதன் அடித்தளம் வேறு என்று முடிவு செய்தார். அவ்வேறுபாட்டின் அளவைக் காட்ட ஜெர்மனையும் கிரேக்கத்தையும் உவமையாக்கினார். அவ்விரண்டும் உறவு மொழிகள் என்பது பின்னர் உறுதியாயிற்று. பெரும் உண்மையைத் தந்த அளவுகோலே, இடைநிலை வடிவங்களைப் பாராததால், அதே மேடையில் பிழையையும் தந்தது.

தென்மொழிகளைப் பொறுத்தும் கல்கத்தா அறிஞர்கள் தவறினர். அவை சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்ற கருத்து அங்கு நிலவியது. அதைச் சென்னையில் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1816இல் மறுத்தார். அவர் தமிழ், தெலுங்கு, கன்னட வினையடிகளை அருகருகே பட்டியலிட்டு, அவற்றுக்கெனத் தனி மூலம் உண்டெனக் காட்டினார். ஜோன்ஸ் சொன்ன இரண்டு சான்றுகளில் வினையடியை எல்லிஸ் முன்னிறுத்தினார். திரிபை முன்னிறுத்திய போப்பின் நூலும் அதே ஆண்டில்தான் வந்தது.