ஆந்தையாருக்கு ஓர் இடம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் செங்கற்பட்டு ரயில் ஏறிச் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கினேன். அழைத்தவர் ஒரகடத்தில் கார் உதிரிப் பாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் வேலை பார்க்கும் இளைஞர். அந்த வட்டாரத்து ஆலைகளில் வேலை செய்கிறவர்களில் கதை படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் சேர்ந்து வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஒரு வருஷமாகச் செல்போனிலேயே பேசிக்கொண்டிருந்தவர்கள், முதல் தடவையாக நேரில் கூடப் போகிறார்கள்.

"நீங்கள் பிசிராந்தையாரைப் பற்றிப் பேச வேண்டும், சார். நாங்களும் பார்க்காமலே பழகினவர்கள்தானே?" என்றார் அவர்.

ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்தக் கதையை நாம் பாதியோடு நிறுத்திவிட்டு மெச்சிக்கொண்டிருக்கிறோம் என்பது என் அபிப்பிராயம்.

பள்ளிக்கூடத்திலும் பட்டிமன்ற மேடையிலும் சொல்லும் கதை உங்களுக்குத் தெரியும். உறையூரில் கோப்பெருஞ்சோழன், பாண்டி நாட்டுப் பிசிரில் ஆந்தையார். ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஆனாலும் உயிருக்கு உயிரான நட்பு. கூடிப் பழகாவிட்டாலும் உள்ளம் ஒன்றினால் போதும் என்று பொருள்படும் குறளுக்குப் பரிமேலழகர் இந்த இருவரையே உதாரணம் காட்டினார். பாரதிதாசன் 'பிசிராந்தையார்' என்றே ஒரு நாடகம் எழுதினார். அதற்கு 1969-இல் சாகித்திய அகாதமி பரிசும் கிடைத்தது. ஆக, பாராமலிருந்ததே இந்த நட்பின் பெருமை என்று நம் மனத்தில் படிந்துவிட்டது.

புறநானூற்றைத் திறந்து பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. பெற்ற பிள்ளைகளோடு பகை மூண்டு, மனம் வெறுத்து, சோழன் உண்ணா நோன்பிருந்து உயிர் விடத் துணிகிறான். 'வாழ்ந்த காலத்தில் ஆந்தை வராமல் இருந்திருக்கலாம். துன்பக் காலத்தில் வராமல் இருக்கமாட்டான்' என்கிறான். சுற்றியிருந்தவர்களுக்கு நம்பிக்கை இல்லை. கேள்விப்பட்ட பழக்கம்தானே, இத்தனை தூரம் வருவாரா என்கிறார்கள். அவன் வாதாடவில்லை. அவனுக்கும் ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள் என்கிறான். 216-ஆம் பாட்டு இது. ஆந்தையார் வந்தார். வருவான் என்று சொன்னானே, அப்படியே வந்துவிட்டாரே என்று பொத்தியார் அதிசயித்துப் போகிறார்.

கதை எழுதுகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன்: கதை திரும்புகிற இடம் அந்தக் காலி இடம்தான். உணர்ச்சி இரு பக்கமும் வருஷக் கணக்காக இருந்தது. அது அவர்களைச் சேர்க்கவில்லை. இன்ன இடம், இன்ன நேரம், உனக்கென்று ஒரு மூலை என்று ஒருவன் தரையில் குறித்து வைத்தானே, அதற்கப்புறம்தான் சந்திப்பு நடந்தது.

இன்னொன்று. ஆந்தையார் வந்து சேர்ந்ததும் அங்கிருந்த சான்றோர்கள் என்ன கேட்டார்களாம்? 'இத்தனை வயதாகியும் தலை நரைக்கவில்லையே, எப்படி?' என்று கேட்டார்களாம்! பெரிய புலவர்களானாலும் முதல் சந்திப்பில் வாயில் வருவது இதுதான் போலும். 'போட்டோவில் வேறு மாதிரி இருந்தீர்களே' என்று என்னிடம் ஒருவர் அன்று சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ஆனால் ஆந்தையார் சொன்ன பதில் முக்கியமானது. நல்ல மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், முறை தவறாத அரசன், ஊரில் சான்றோர் பலர். ஆகவே நரை இல்லை என்கிறார். இந்த ஜாபிதாவைக் கவனியுங்கள். வீடும் ஊரும் நிறைந்த மனிதர் அவர். உறையூரில் இருந்த காணாத நண்பன் அந்த நிறைவுக்கு மேல் வந்த உபரி.

ஒரகடத்துப் பிள்ளைகளுக்கு அப்படியா? தெற்கேயிருந்தும் வடக்கேயிருந்தும் வந்தவர்கள். விடுதி அறை, கம்பெனி பஸ், ஆலை, மறுபடி விடுதி. ஷிப்ட் வாராவாரம் மாறினால், ஒரே அறையில் படுப்பவர்கள்கூட விழித்திருந்து பேசிக்கொள்வது துர்லபம். அவர்களுக்குச் செல்போன் சிநேகிதம் உபரி அல்ல. அதுதான் ஊர், அதுதான் உறவு. அவர்களிடம் போய் 'பாராமலே பழகுவதுதான் உயர்ந்த நட்பு' என்று பிரசங்கம் செய்வது, பசித்தவனிடம் உபவாச மகிமை பேசுவது போல.

அந்தப் பழங்கதையில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. சாகிற நேரம் வரை ஏன் காத்திருந்தார்கள்? குமரித் துறையிலிருந்து வடமலைக்குப் பறக்கும் அன்னத்திடம், உறையூரில் இறங்கி என் பெயரைச் சொல் என்று பாடியவர், தாமே ஒரு நடை போயிருக்கக் கூடாதா?

இதை நினைக்கும்போது 2021 டிசம்பர் நினைவுக்கு வருகிறது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஐபோன் செய்யும் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பலர் நோயில் விழுந்தார்கள். 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துபோனார்கள் என்று செல்போனில் வதந்தி பறந்தது. யாரும் இறக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் திரள் திரளாக வந்து சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். உடன் வேலை செய்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் கேள்வி. தொழிலாளர்கள் தங்கும் சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் விதிமுறைப்படி இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே பின்னர் ஒப்புக்கொண்டது. மூடிய ஆலை 2022 ஜனவரியில் திறந்தது. வதந்தியைக் கண்டித்து எழுதியவர்கள் பலர். கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் பக்கத்து விடுதிக்காரி உயிரோடிருக்கிறாளா என்று போய்ப் பார்க்க வழியிருந்த இடத்தில் அப்படி ஒரு வதந்தி எத்தனை நாழிகை நிற்கும்? அவர்களுக்கு ஒன்றாக உட்காரக் கிடைத்த முதல் இடம் நெடுஞ்சாலை. வாழ்ந்த காலத்தில் கூடாமல், துன்பக் காலத்தில் கூடியவர்கள்.

சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வருகிறேன். பேச்சுக்கு முன்னால் எல்லோரும் பாடலாத்ரி நரசிம்மரைத் தரிசிக்கப் போனோம். மூர்த்தி குன்றிலேயே குடைந்தது. ஆகையால் பெருமாளைப் பிரதட்சிணம் செய்ய வேண்டுமென்றால் குன்றையே சுற்ற வேண்டும். இருநூற்றுச் சொச்சம் பேர் உள்ள குழுவில் வந்தவர்கள் ஒன்பது பேர். நடுராத்திரியில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறவர்கள், குன்றைச் சுற்றும்போது வாய் திறக்கவில்லை. பாதிச் சுற்றில் ஒருவர் இன்னொருவரிடம், "உங்களுக்கு எந்த பஸ் ரூட்?" என்று கேட்டார். அப்புறம் பேச்சு நிற்கவே இல்லை.

கூட்டம் ஒரு வீட்டு மொட்டை மாடியில். நான் பேசியது அரை மணி. அவர்கள் பேசியது இரண்டு மணி. வந்திருந்த இரண்டு பெண்களும் விடுதிக் கதவு அடைக்குமுன் போக வேண்டுமென்று நடுவிலேயே எழுந்துவிட்டார்கள். அடுத்த மாதம் இன்னும் முன்னதாக வைத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே தீர்மானமாயிற்று.

முன்வரிசையில் ஒரு பாய் காலியாகக் கிடந்தது. குழுவில் அதிகம் எழுதுகிறவருக்காம். புனைபெயரில் எழுதுகிறார், முகம் யாருக்கும் தெரியாது. ஷிப்ட் மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார்.

"வருவாரா, தம்பி?" என்றேன்.

"ஓவர்டைம் போட்டுட்டாங்களாம், சார். முடிஞ்சதும் வர்றேன்னு மெசேஜ் வந்திருக்கு."

நான் எட்டு மணி ரயிலுக்குக் கிளம்பும்வரை அவர் வரவில்லை. மற்றப் பாய்களையெல்லாம் சுருட்டி வைத்தார்கள். அதை மட்டும் விட்டுவிட்டு, மாடி விளக்கையும் அணைக்காமல், என்னை வழியனுப்பக் கீழே வந்தார்கள்.