பீட்டர் ராண்டால்-பேஜ்: விதையும் பாறையும்

பீட்டர் ராண்டால்-பேஜ் (பிறப்பு: 1954) இங்கிலாந்தைச் சேர்ந்த கற்சிற்பி. எசெக்ஸில் பிறந்தார். பாத் கலைக்கல்லூரியில் பயின்றபின் சிற்பி பேரி பிளானகனிடம் பணியாற்றினார். வெல்ஸ் பேராலயத்தின் பழஞ்சிற்பங்களைப் பாதுகாக்கும் பணியிலும் ஈடுபட்டார். இத்தாலி சென்று பளிங்குச் செதுக்கலைக் கற்றார். பின்னர் டெவன் பகுதியில், கருங்கல் நிலமான டார்ட்மூரை ஒட்டிக் குடியேறினார்.

விதை, கனி, ஓடு, சுருள் ஆகியவை அவருடைய நிலையான கருப்பொருள்கள். ஆனால் அவர் இயற்கையை நகலெடுப்பவர் அல்ல. ஒரு காய் எப்படித் தோன்றுகிறது என்பதைவிட அது எந்த ஒழுங்கில் வளர்கிறது என்பதே அவரை ஈர்க்கிறது.

இதற்குப் புகழ்பெற்ற சான்று கார்ன்வாலில் உள்ள ஈடன் பிராஜெக்ட் தாவர வளாகத்தில் 2007-ல் நிறுவப்பட்ட 'விதை'. டி லேங்க் கற்சுரங்கத்தின் ஒற்றைக் கருங்கல்லில் செதுக்கப்பட்டது. சுமார் 70 டன் எடை, 4 மீட்டர் உயரம். மேற்பரப்பில் 1800 அளவிலான குமிழ்கள். சூரியகாந்திப் பூவின் நடுவில் விதைகள் அமையும் அதே சுருள் வரிசையில் அவை உச்சியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே செல்கின்றன. ஒரு குமிழ் இடம் தவறினாலும் சுருள் உடைந்துவிடும். செதுக்கிய கல்லை மீண்டும் ஒட்டவைக்க முடியாது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீண்ட உழைப்பு அது.

வியப்புக்குரிய சாதனைதான். எனினும் அவருடைய சிறந்த படைப்பு என்று அதைச் சொல்வது கடினம். உளி படுவதற்கு முன்பே எல்லாம் கணக்கில் முடிவாகிவிட்டது. கல் அந்தக் கணக்குக்குக் கீழ்ப்படிகிறது, அவ்வளவே. வேறொரு சுரங்கத்தின் கல்லாக இருந்தாலும் வடிவம் மாறியிருக்காது.

மாறாக, இயல்பாக உருண்டு தேய்ந்த பாறைகளில் அவர் செதுக்கியவற்றில் கல்லுக்கும் ஒரு சொல் உண்டு. பாறையின் மேடுபள்ளத்துக்கு ஏற்பக் கோலம் நீண்டும் சுருங்கியும் வளைந்தும் போகிறது. டார்ட்மூரில் டெய்ன் ஆற்றருகே உள்ள 'கிரானைட் சாங்' இன்னும் ஒரு படி மேல். இரண்டாகப் பிளந்த பாறையின் வெளிப்புறத்தை அப்படியே விட்டுவிட்டு, உட்புறத்தில் மட்டும் சுருள்களைச் செதுக்கியிருக்கிறார். பிளந்த பழத்துக்குள் பார்ப்பதுபோல் இருக்கிறது. தொலைவிலிருந்து அது வெறும் பாறை. அருகே போனவருக்கு மட்டுமே சிற்பம்.

அவருடைய கோலங்கள் கல்லின்மேல் போர்த்திய அலங்காரத் துணி போன்றவை என்ற குறை எழக்கூடும். ஒழுங்காக உருட்டியெடுத்த சில படைப்புகளுக்கு அது பொருந்தும். காட்டுப் பாறைகளுக்குப் பொருந்தாது. அங்கே கோலத்தின் ஒவ்வொரு வளைவும் அந்தப் பாறையின் வடிவிலிருந்தே பிறக்கிறது.