கழுவத் தெரியாத கழிப்பறை

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய குதிரை டிரெய்லரை வாங்கி, உள்ளே படுக்கை, அடுப்பு, கழிப்பறை, ஷவர் எல்லாம் பொருத்தி நடமாடும் வீடாக்கிக்கொள்கிறார்கள். விவரமானவர்கள். குதிரைக்கென்று செய்த வண்டியின் தரை தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவத் தோதானது. குதிரை நிற்கும் உயரத்தில் மனிதனும் தலை இடிக்காமல் குளிக்கலாம். எங்கள் ஊர் கூரத்தில் அப்படியொரு டிரெய்லருக்கு எங்கே போவது? இங்கே குதிரை என்றால் பெருமாளுக்கு வாகனம்தான். நமக்கு வாய்த்தது டெம்போ டிராவலர். சபரிமலைக்கும் மேல்மருவத்தூருக்கும் ஓடி ஓய்ந்த ஒன்றை வாங்கி, பின்னால் இருந்த இரண்டு வரிசை இருக்கைகளைக் கழற்றி, அந்த இடத்தில் கழிப்பறையும் குளியலும் வைத்தோம்.

சட்டத்தைப் பற்றி ஒரு வரி. வண்டியின் அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே வரும். ஆர்.டி.ஓ. அலுவலக வேலையை முடித்துக்கொண்டு பிறகு தகரத்தை வெட்டுங்கள்.

இத்தனையும் எதற்கு என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். காலையில் ஊரிலிருந்து கிளம்பும் பெண்கள் வழியெல்லாம் தண்ணீர் குடிக்காமல் போய்ச் சேருவது அவர்களுக்குத் தெரிவதில்லை. என் அம்மா காஞ்சியின் திவ்ய தேசங்களை எல்லாம் சேவித்தாயிற்று. நூற்றெட்டில் பூவுலகில் உள்ளவை 106. மிச்சத்தையும் பார்த்துவிட வேண்டும் என்கிறாள். முட்டியோ உட்கார்ந்தால் எழுந்திருக்கவிடாது. ஆகவே வண்டிக்குள் கழிப்பறை என்பது எங்கள் வீட்டில் சொகுசுக் கணக்கில் வராது.

சந்தையில் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது கேசட் கழிப்பறை. அடியில் ஒரு பெட்டி, அதில் நீல நிற ரசாயனம், நிறைந்ததும் சூட்கேஸ் போல இழுத்துக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். வழக்கமான பெட்டி 18 லிட்டர் பிடிக்கும். இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாள் வரும் என்பார்கள். அது காகிதத்தில் துடைப்பவர்களின் கணக்கு. ஆளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் சேர்ந்தால் மறுநாள் மதியமே பெட்டி தளும்பும். ஐரோப்பாவில் கேம்ப் போடும் இடங்களில் கொட்டுவதற்கென்றே தொட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். நாம் கிருஷ்ணகிரி பக்கம் நிறைந்த பெட்டியோடு நின்றால் என்ன செய்வது? இரண்டாவது, ரயிலில் இருக்கும் பயோ டாய்லெட். டி.ஆர்.டி.ஓ.வின் பாக்டீரியாவை நம்பி ரயில்வே 2 லட்சத்துக்கும் மேற்பட்ட தொட்டிகளைப் பெட்டிகளுக்கு அடியில் மாட்டியிருக்கிறது. ரயிலுக்குச் சரி. அந்தத் தொட்டியின் எடையையும் அதற்குள் எப்போதும் நிற்கும் தண்ணீரின் எடையையும் டிராவலர் தாங்காது.

மூன்றாவதைத்தான் வாங்கினோம்: சிறுநீரையும் மலத்தையும் பிரிக்கும் உலர் கழிப்பறை. முன்பக்கக் கிண்ணத்தில் விழுவது குழாய் வழியாகக் கேனுக்குப் போகும். பின்பக்கத் துளையில் விழுவது தென்னை நார்க்கழிவு போட்ட வாளிக்குள் போகும். மேலே ஒரு பிடி நார்க்கழிவைத் தூவி மூடிவிடலாம். கம்ப்யூட்டரில் இருப்பது போன்ற சின்ன 12 வோல்ட் விசிறி ஒன்று வாளியின் காற்றை இரவும் பகலும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அது இழுக்கும் மின்சாரம் பேட்டரிக்கு உறைக்கவே உறைக்காது.

பிரித்துவிட்டால் நாற்றம் இல்லை என்பது விளம்பரப் பேச்சு என்றுதான் நினைத்தேன். உண்மை. கழிப்பறை வாடையில் பெரும்பகுதி அமோனியா. சிறுநீரில் இருக்கும் யூரியாவை மலத்தில் இருக்கும் நுண்ணுயிர்கள் உடைக்கும்போது அது கிளம்புகிறது. இரண்டும் சேராதவரை வாளியில் வருவது மழை நனைத்த தோட்டத்து மண்ணின் மணம்தான். பங்குனி வெயிலில் வண்டியைப் பூட்டிவைத்து, மாலையில் கதவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

நார்க்கழிவைப் பற்றி எனக்கு ஒரு சிரிப்பு. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து அதைக் கட்டியாக அழுத்தி வெளிநாட்டுக்குக் கப்பலேற்றுகிறார்கள். அங்கே அதைச் சின்னச் சின்னப் பொட்டலமாக்கி, இலை படம் போட்டு, கழிப்பறையோடு சேர்த்து நமக்கே திருப்பி அனுப்புகிறார்கள். அந்தப் பொட்டலத்தை வாங்காதீர்கள். நர்சரியில் 5 கிலோ கட்டி கேளுங்கள். முழுதாகத் தண்ணீரில் ஊறினால் அறுபது லிட்டருக்கு மேல் உப்பும். வாளிக்கு அத்தனை ஈரம் கூடாது, கையில் பிடித்தால் உதிர வேண்டும்.

இதுவரை எல்லாம் நல்ல பேச்சுதான். இனி வயிற்றெரிச்சல்.

இந்தக் கருவியை வடிவமைத்தவர்களுக்கு மனிதன் கழுவுவான் என்பது தெரியாது. கையேட்டைப் புரட்டினால் தண்ணீர் என்ற சொல் எச்சரிக்கைக் கட்டத்துக்குள் மட்டும்தான் வருகிறது: ஊற்றாதீர். உட்கார்ந்தபடியே ஹெல்த் ஃபாசெட்டால் கழுவினால் தண்ணீர் எங்கே போகும்? முன்னால் போனால் சிறுநீர்க் கேன் பொழுது சாய்வதற்குள் நிறைந்துவிடும். பின்னால் போனால் நார்க்கழிவு சேறாகி, பிரித்ததன் பலன் எல்லாம் போய், ஈ வந்துவிடும். கழுவாமல் எழுந்திருக்கலாம் என்பது அம்மாவிடம் சொல்லக்கூடிய யோசனை இல்லை. கோயிலுக்குப் போகிற வண்டி இது.

நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பெயர் வேண்டாம், எல்லா நிறுவனங்களும் ஏறக்குறைய இதே பதிலைத்தான் தரும் என்று தோன்றுகிறது. ஈரத் துடைப்பான் பயன்படுத்துங்கள், அதைத் தனிக் குப்பைக் கூடையில் போடுங்கள் என்றார்கள், மிகுந்த பணிவோடு. உலகத்தில் பாதிப் பேர் தண்ணீரில் கழுவுகிறவர்கள். துருக்கியிலிருந்து இந்தோனேசியா வரை போய்ப் பாருங்கள். அத்தனை பேரையும் எச்சரிக்கைக் கட்டத்துக்குள் அடைத்துவிட்டு உலகச் சந்தை என்று பேசுகிறார்கள்.

விடை முசிறியில் இருக்கிறது. இன்று நேற்றல்ல, சுமார் இருபது வருடமாக. திருச்சி மாவட்டத்தில் காவிரியின் வடகரையில் இருக்கும் ஊர். ஆற்றை ஒட்டி நிலத்தடி நீர் மேலாகவே இருப்பதால் குழி தோண்டிக் கழிப்பறை கட்டினால் அது கிணற்றில் கலக்கும். அங்கே ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனத்தை நடத்திய மராச்சி சுப்புராமன் தரைக்கு மேலே கட்டும் உலர் கழிப்பறைகளைப் பரப்பினார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பயன்படுத்துகிறவர்களுக்குக் காசு கொடுத்த பொதுக் கழிப்பறை என்று முசிறி ஒரு காலத்தில் வெளிநாட்டுச் செய்திகளில்கூட அடிபட்டது. எனக்கு முக்கியம் அந்தக் காசல்ல, கோப்பை. சிறுநீருக்கு ஒரு வழி, மலத்துக்கு ஒரு துளை, கழுவுவதற்குத் தனியிடம். வேலை முடிந்ததும் துளையை மூடி, சாம்பல் தூவி, கொஞ்சம் நகர்ந்து கழுவிக்கொள்ள வேண்டும். அந்தத் தண்ணீர் தனிக் குழாயில் செடிப் படுகைக்குப் போய்விடும். வெளிநாட்டுப் பிரிப்பானில் இரண்டு வழி, முசிறிக் கோப்பையில் மூன்று. அந்த மூன்றாவது வழிதான் நம் ஊரின் மொத்த வாழ்க்கைமுறை.

ஆனால் நகர்ந்து கழுவுவது குந்தி உட்கார முடிந்தவர்களுக்கு. அம்மாவுக்கு அது ஆகாது. காஞ்சிபுரத்தில் எஃப்.ஆர்.பி. ஃபைபர் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் போய்ப் படம் வரைந்து காட்டினேன். பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ரயிலு பொட்டியா பண்றீங்க?" என்றார். பிறகு அவரே பென்சிலை வாங்கி, நான் யோசித்திராத ஒன்றைப் போட்டார். பின்பக்கத் துளைக்குக் குறுக்கே இழுத்து மூடும் ஃபைபர் மூடி, பின்னோக்கிச் சரிந்திருக்கும். வேலை முடிந்ததும் பக்கவாட்டுக் கைப்பிடியைத் தள்ளினால் வாளி மூடிக்கொள்ளும். உட்கார்ந்தபடியே கழுவலாம். தண்ணீர் மூடியின் மேல் வழிந்து, இருக்கையின் பின்னால் இருக்கும் சந்து வழியாக ஷவர் தட்டில் இறங்கி, அங்கிருந்து வண்டிக்கடியில் இருக்கும் கழிவுநீர்த் தொட்டிக்குப் போய்ச் சேரும். மூடியின் மேற்பரப்பும் அதிலேயே அலம்பப்பட்டுவிடும்.

செய்து முடிக்கப் பல வாரம் ஆயிற்று. அகோபிலம் போய்வந்த வண்டியில் இந்த மூடி ஒருமுறைகூடச் சிக்கவில்லை. குறை இல்லாமல் இல்லை. மூட மறந்துவிட்டுக் குழாயைத் திறந்தால் வாளி நாசம். அதனால் அம்மா கதவுக்கு வெளியே நின்று, "மூடிட்டியா?" என்று எல்லோரையும் கேட்கிறாள், மருமகனையும் விடுவதில்லை. பெண்கள் கழுவும்போது கொஞ்சம் தண்ணீர் முன்கிண்ணத்துக்கும் போகத்தான் செய்யும். கருவியோடு வந்த சின்னக் கேனைத் தூக்கிப் போட்டுவிட்டு, தரைக்கடியில் 20 லிட்டர் கேன் மாட்டியிருக்கிறோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கழுவிய தண்ணீர் குளித்த தண்ணீர் ஆகாது. அதைச் சாலையோரம் திறந்துவிடக் கூடாது, வீட்டு செப்டிக் டேங்கில்தான் இறக்க வேண்டும். இரண்டும் ஒரே தொட்டியில் சேர்வதுதான் இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடிக்காத அம்சம். தனித்தொட்டிக்கு இடமில்லை.

எங்கள் ஊரில் கிடைத்த பல்லவர் செப்பேடு நினைவுக்கு வருகிறது. முதலாம் பரமேசுவரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் கொடுத்தது. கூரத்து ஏரிக்குப் பாலாற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்க்குப் பெரும்பிடுகு என்று பெயரே இருக்கிறது அதில். வருகிற தண்ணீருக்குப் பெயர் வைப்பது நமக்கு ஆயிரத்து முந்நூறு வருடப் பழக்கம். போகிற தண்ணீரைத்தான் யாரும் கூப்பிடுவதில்லை.

ஷவரைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மூன்றடிக்கு இரண்டரையடி, முழுக்க ஃபைபர், கழிப்பறையும் அதற்குள்ளேயே. இரண்டு விஷயம் மட்டும். வீட்டில் போடும் வளைந்த குழாய் வண்டிக்கு ஆகாது. அதில் நிற்கும் தண்ணீர் முதல் வேகத்தடையிலேயே துள்ளி வெளியேறிவிடும், அடித்தொட்டியின் வாடை மேலே வரும். குளியலறை வடிகாலில் சொருகும் சிலிக்கான் வால்வு ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். அடுத்து, வடிகால் ஒரே மூலையில் இருந்தால், வண்டி எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும் ஊரில் கணுக்கால் தண்ணீரில் குளிக்க வேண்டியிருக்கும். எதிரெதிர் மூலைகளில் இரண்டு வையுங்கள்.

பம்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது, சொன்னாலும் வருவதில்லை. 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப், குழாயில் அழுத்தம் குறைந்தால் தானே ஓடும். எங்கோ ஓர் இணைப்பில் சொட்டு கசிந்தாலும் அழுத்தம் குறைந்துவிட்டது என்று அதற்குத் தோன்றிவிடும். நள்ளிரவு இரண்டு மணிக்குப் படுக்கைக்கு அடியில் கடகடவென்று ஒரு குலுக்கல். நிற்கும். கண் அசரும்போது மறுபடியும். இப்போது படுக்கும் முன் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு வாளித் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். சொல்லப்போனால் குளிப்பதற்கும் வாளியும் சொம்பும்தான் நன்றாக இருக்கிறது. ஷவர் திறந்தால் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் ஓடும், வண்டியில் இருப்பது மொத்தம் நூறு. வெந்நீருக்குக் கூரையில் கறுப்புப் பூச்சு அடித்த நாலங்குல பி.வி.சி. குழாய், பத்தடி நீளம். இருபத்தைந்து லிட்டர் பிடிக்கும். சித்திரையில் மதியத்துக்கு மேல் விளாவாமல் தொட முடியாது. கேஸ் கீசரை மட்டும் அந்தச் சின்ன அறைக்குள் மாட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

வண்டியைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "அத யாரு எடுப்பாங்க?" நாங்கள்தான். கையுறை போட்டுக்கொண்டு, என் வீட்டுக்காரரும் நானும் முறை வைத்து. மனிதர்களை வைத்து மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. ஆனாலும் கழிப்பறை என்றதும் இதற்கென்று ஓர் ஆள் வருவார் என்றே நம் மனம் கணக்குப் போடுகிறது. பிறர் கையை எதிர்பார்ப்பவர்கள் இந்தக் கருவியை வாங்கவே வேண்டாம். எடுக்கிற வேலையும் நினைப்பது போல இல்லை. வாளியில் இருப்பதைக் கொல்லையில் இருக்கும் குழியில் கொட்டிச் சாம்பல் போட்டு மூடுகிறோம். ஒரு வருடமாவது மூடிக் கிடக்க வேண்டும். அதன்பிறகும் தென்னைக்குத்தான் போடுவோம், கீரைப் பாத்திப் பக்கம் கொண்டுபோக மாட்டோம். கேனில் இருப்பதற்குப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றினால் வாழை கேட்டு வாங்கிக்கொள்கிறது.

விலைக்கு வருவோம். சுங்கவரியோடு சேர்த்து அந்தப் பிரிப்பானுக்குக் கொடுத்தது, கனமான ஜரிகை போட்ட முகூர்த்தப் புடவையின் விலை. அதை எங்கள் வீட்டுக்கு உபயோகமாக்கிய மூடிக்கு ஆனது அதன் ரவிக்கைத் துணிக்குக் கூடக் காணாது. மறுபடி செய்வதானால் முழுக் கோப்பையையும் பட்டறையிலேயே அச்சு எடுத்துச் செய்யச் சொல்வேன். விசிறியும் வாளியும் வெளியில் வாங்கிக்கொள்ளலாம். பட்டறைக்காரரிடம் மூடியின் அச்சு இன்னும் இருக்கிறது, அதை வைத்து இன்னும் இரண்டு பேருக்குச் செய்து கொடுத்துவிட்டார். நிறுவனத்திடமிருந்து போன வாரம் புது மாடல் அறிவிப்பு வந்தது. கழுவ வழி வைத்திருக்கிறார்களா என்று ஆவலோடு திறந்து பார்த்தேன். புளூடூத் வைத்திருக்கிறார்கள்.